ஆண்டி உடைத்த தோண்டி

குழந்தைப் பாட்டில் சாவைச் சொல்லிச் சிரிக்கவைத்தல் மேலைநாட்டார் வழக்கென்றே நம்மில் பலர் கருதுகிறோம். செருமானிய மருத்துவர் ஹாஃப்மன் வெளியிட்ட படப்பாட்டு நூலில், தீக்குச்சியோடு விளையாடிய சிறுமி சாம்பலாகிறாள். காலணிகள் மட்டும் மிஞ்சுகின்றன. சூப்பு வேண்டாமென்ற சிறுவன் ஐந்தாம் நாள் மடிகிறான். இதனினும் இருண்ட நகைச்சுவை ஒன்று நம் ஊர்ப்புறத்தோடு தொடர்புடையது.

மரக்காணத்து உப்பளங்களுக்குத் தெற்கே, சம்பந்தர் பாடிய மாகாளத்தை உடையது இரும்பை. கடுவெளிச் சித்தர் தவமிருந்த ஊர் இதுவென்பது இங்குள்ளோர் வழக்கு. திருவையாற்றை அடுத்த கடுவெளியும் அவருக்கு உரிமை கொண்டாடுகிறது. ஆடற்பெண்ணின் கழன்ற சிலம்பைச் சித்தர் எடுத்து அணிவிக்க, அவையோர் நகைத்தனர். அவர் சினந்து பாட, இலிங்கம் பிளந்தது என்பது தலக்கதை. இக்கதையை வரலாறாக யான் கொள்ளவில்லை. எனினும் கூத்து, சிரிப்பு, உடைவு மூன்றும் அவர் பெயரால் வழங்கும் ஆண்டிப் பாட்டிலும் சேர்ந்தே நிற்றல் நோக்கத்தக்கது.

ஆண்டியொருவன் குயவனிடம் பத்துமாதம் மன்றாடித் தோண்டி பெறுகிறான். பெற்ற களிப்பில் ஆடியாடிப் போட்டுடைக்கிறான். பத்துமாதம் கருவிலிருந்த காலம், குயவன் படைத்தவன், தோண்டி உடம்பு என்று பொருள்கூறி நிறுத்திவிடுவது வழக்கம். ஆயின், கொள்ளி வைப்பவன் தோளில் நீர்க்குடம் சுமந்து வலம்வந்து, திரும்பிப் பாராமல் பின்புறம் போட்டுடைக்கும் சுடுகாட்டுச் சடங்கை அறிந்த செவிக்கு அப்பாட்டு வேறொலி தரும். அங்கே அழுதுகொண்டு உடைக்கும் குடத்தை ஆண்டி ஆடிக்கொண்டு உடைக்கிறான். கேட்கும் பிள்ளை கோமாளியைக் கண்டதுபோல் கைகொட்டுகிறது. தானும் ஒரு தோண்டியே என்பதை அதற்கு யாரும் சொல்வதில்லை! ஹாஃப்மனிடம் சாவு, சொல் கேளாமைக்குத் தண்டனை. ஆண்டியை யாரும் தண்டிப்பதில்லை. மகிழ்ச்சியே அவன் கையை நழுவச் செய்கிறது. இந்நகை கடுமையானது, ஆனால் அச்சுறுத்துவதன்று.

அச்சேறிய குழந்தைப் பாடல் வேறு வழி சென்றது. பாரதி 1915இல் பாப்பாவுக்கு அன்பும் அறமும் பாடினார். கவிமணியின் 'மலரும் மாலையும்' (1938), அழ. வள்ளியப்பாவின் பாடல்கள் ஆகியவற்றில் இனிமை மேலோங்கியது. பள்ளிக்கு அது வேண்டியிருந்தது, குறை கூறுதற்கில்லை. உழைக்காத மாமனுக்குப் பலகாரத்திற்குப் பதில் சூடு போடச் சொல்லும் மழைப்பாட்டின் குறும்பு மட்டும் தெருப்பிள்ளைகள் வாயில் தங்கிவிட்டது.

நம் வட்டத்துக் கவிஞர் சிலரும் குழந்தைகளுக்கு எழுதுகின்றனர். அப்பாடல்களில் பாட்டி இறப்பதில்லை, நாய்க்குட்டியும் தொலைவதில்லை. சாவு நேர்ந்த வீட்டுப் பிள்ளைக்குப் பாட்டொன்று வேண்டுமெனில் இன்றும் ஆண்டியைத்தான் அழைக்க வேண்டியிருக்கிறது.