பயத்தை விற்றவரும் பெட்டியை விற்றவர்களும்

பொறியியல் படித்தவன் "சேல்ஸ் பக்கம் போகிறேன்" என்று சொன்னால் நம் வீடுகளில் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். வேறு வேலை கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று பக்கத்து வீட்டு மாமா முடிவே கட்டிவிடுவார். ஆனால் கணினிப் பாதுகாப்பு என்ற துறை வியாபாரமாக வளர்ந்த கதையைத் தேடிப் படித்தால், அதில் வேறு வேலையிலிருந்து விற்பனைக்குத் தாவியவர்கள்தான் வழியெங்கும் நிற்கிறார்கள். ஒரே ஒரு கம்பெனியை எடுத்துக்கொண்டாலே போதும். மெக்காஃபி.

ஜான் மெக்காஃபி கணிதப் பட்டதாரி. நாசா, ஜெராக்ஸ் என்று பல இடங்களில் நிரல் எழுதிவிட்டு, 1980களின் நடுவில் விமானமும் ஏவுகணையும் செய்யும் லாக்ஹீட் நிறுவனத்தில் இருந்தார். 1986-ல் "பிரெய்ன்" வைரஸ் வந்தது. லாகூரைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவர் எழுதியது. கூத்து என்னவென்றால், தங்கள் கடை விலாசத்தையும் தொலைபேசி எண்ணையும் வைரஸுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள்! அதைப் பற்றிக் கேள்விப்பட்ட மெக்காஃபிக்கு ஒரு பொறி தட்டியது. 1987-ல் கலிபோர்னியாவின் சாண்டா கிளாராவில் தன் வீட்டிலேயே கம்பெனி ஆரம்பித்தார்.

அவர் எழுதிய நிரலைவிட, அதை விற்ற விதம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கடையில் பெட்டி போட்டு அடுக்கவில்லை. விற்பனைப் பிரதிநிதிகளை ஊர் ஊராக அனுப்பவில்லை. அந்தக் காலத்தில் மோடம் வைத்துத் தொலைபேசி வழியாகத் தொடர்பு கொள்ளும் "புல்லட்டின் போர்டு"களில் நிரலை அப்படியே போட்டுவிட்டார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிடித்திருந்தால் பணம் அனுப்பலாம். கம்பெனிகள் மட்டும் உரிமம் வாங்க வேண்டும். வீட்டில் பயன்படுத்திப் பழகிய ஊழியன் அதை அலுவலகக் கணினியிலும் போடுவான். ஒருநாள் பார்த்தால் கம்பெனி முழுக்க அதுதான் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு பில் அனுப்பினால் போதும். முதலில் சரக்கு, அப்புறம் பேரம்.

இரண்டாவது ஆயுதம் பயம். எல்.ஐ.சி. ஏஜெண்ட் வீட்டுக்கு வந்து, "நாளைக்கே உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால்..." என்று ஆரம்பிப்பாரே, அதேதான். 1992 மார்ச் 6, ஓவியர் மைக்கேலாஞ்சலோவின் பிறந்தநாள். அன்றைக்குக் கணினியை இயக்கினால் வன்தட்டில் உள்ளதை அழித்துவிடும் ஒரு வைரஸ் பரவியிருந்தது. எத்தனை கணினிகள் பாதிக்கப்படும் என்று பத்திரிகைகள் கேட்டபோது, 50 லட்சம் வரை போகலாம் என்று மெக்காஃபியின் பெயரில் ஒரு கணக்கு உலகமெங்கும் அச்சானது. அந்த நாள் வந்தது, போனது. பாதிக்கப்பட்டவை 10,000 முதல் 20,000 என்பதுதான் பிற்பாடு பரவலாகச் சொல்லப்பட்ட கணக்கு. அதே ஆண்டு அக்டோபரில் கம்பெனி பங்குச்சந்தைக்கு வந்தது.

இதில் ஏமாற்று எவ்வளவு, எச்சரிக்கை எவ்வளவு என்று யோசித்துப் பார்த்தேன். வைரஸ் பொய்யில்லை. பயந்துபோய் முன்கூட்டியே சோதித்ததால்தான் பலர் தப்பித்தார்கள் என்றும் வாதாடலாம். ஆனால் எச்சரிப்பவரே மருந்தும் விற்பவராக இருக்கும்போது அந்த எண்ணை யார் சரிபார்ப்பது? இந்தத் துறையை இன்றுவரை விடாத கேள்வி இது.

1993-ல் பில் லார்சன் தலைமைக்கு வந்தார். சன் மைக்ரோசிஸ்டம்ஸின் சன்சாஃப்ட் பிரிவில் விற்பனையையும் சந்தைப்படுத்தலையும் கவனித்தவர். மறு ஆண்டே மெக்காஃபி விலகிக்கொண்டார். லார்சன் வரிசையாகக் கம்பெனிகளை வாங்கினார். 1997-ல் நெட்வொர்க் ஜெனரலுடன் இணைந்ததும் நிறுவனத்தின் பெயரே நெட்வொர்க் அசோசியேட்ஸ் ஆனது. 1998-ல் இங்கிலாந்தின் டாக்டர் சாலமன்ஸையும் வாங்கினார்கள்.

காலாண்டுக்குக் காலாண்டு விற்பனை ஏறியே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால் என்ன நடக்கும்? நம் ஊர் மளிகைக் கடையில் பார்த்திருப்பீர்கள். மாதக் கடைசியில் சோப்புக் கம்பெனி ஆள் வந்து, "அண்ணாச்சி, பத்துப் பெட்டி கூடுதலா இறக்கிக்குங்க, பணம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார். சோப்பு கடையில்தான் கிடக்கும். ஆனால் கம்பெனிக் கணக்கில் அது விற்றாகிவிட்டது. இங்கேயும் அதுவேதான், கோடிக்கணக்கான டாலரில். மொத்த விநியோகஸ்தர்களுக்குத் தேவைக்கு மேல் சரக்கைத் தள்ளினார்கள். அதை வைத்துக்கொள்ள அவர்களுக்குப் பணமும் சலுகையும் கொடுத்தார்கள். விற்காமல் தேங்கியதை நெட் டூல்ஸ் என்ற தங்கள் சொந்தத் துணை நிறுவனம் வழியாக ஓசைப்படாமல் திரும்ப வாங்கினார்கள்.

2000 டிசம்பர் கடைசியில், அந்தக் காலாண்டு வருமானம் எதிர்பார்த்ததைவிட மிகவும் குறையும் என்று அறிவித்தார்கள். லார்சன் உட்பட மூத்த அதிகாரிகள் மூவர் விலகினார்கள். அமெரிக்கப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் 2006 ஜனவரியில் கம்பெனி மீது வைத்த குற்றச்சாட்டின்படி, 1998 முதல் 2000 வரை வருமானத்தை மிகைப்படுத்திக் காட்டிய தொகை 62.2 கோடி டாலர். அதில் 56.2 கோடி 1998-ல் மட்டும்! குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் கம்பெனி 5 கோடி டாலர் அபராதத்துக்குச் சம்மதித்தது.

2001 தொடக்கத்தில் வந்தவர் ஜார்ஜ் சமெனுக். இருபது வருடத்துக்கும் மேல் ஐ.பி.எம்.மில் இருந்தவர், வைரஸ் துறைக்குப் புதியவர். இனி விநியோகஸ்தரிடம் இறக்கியதை எண்ணாமல், அவரிடமிருந்து வாடிக்கையாளர் கைக்குப் போனதைத்தான் எண்ணுவது என்று கணக்கு முறை மாறியது. முந்தைய முறையோடு ஒப்பிட்டால் சப்பென்றுதான் இருக்கும். ஆனால் கம்பெனி பிழைத்தது. 2004-ல் பழைய மெக்காஃபி பெயரும் திரும்பியது. (சமெனுக்கும் 2006-ல் பங்கு விருப்ப ஒதுக்கீட்டுச் சர்ச்சையில் பதவியிலிருந்து விலகினார் என்பது தனிக்கதை.) அடுத்து 2007-ல் இ.எம்.சி.யிலிருந்து வந்த டேவ் டிவால்ட் காலத்தில்தான், 2010-ல், இன்டெல் 768 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது.

2014-ல் இன்டெல் அந்தப் பெயரைக் கைவிடப் போவதாகச் சொன்னபோது மிகவும் சந்தோஷப்பட்டவர் ஜான் மெக்காஃபிதான். அந்த மென்பொருளோடு தன் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது போதும் என்று வெளிப்படையாகவே நன்றி சொன்னார். 2017-ல் கம்பெனி இன்டெல்லிடமிருந்து பிரிந்தபோது மறுபடியும் அதே பெயரைத்தான் வைத்தார்கள்.