ஒளி தீண்டிய மூலக்கூறுகள்: சென்னையில் ஒரு வேதியியல் மரபு

நூம்பலின் மொட்டைமாடிகளில் நெடுநாள் வெயிலில் கிடந்த நெகிழிக்குடம் நிறம் வெளிறிக் கைபட்டதும் நொறுங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். ஒளியை விழுங்கிய மூலக்கூறு தன் இயல்புக்கு மேலான ஆற்றலைப் பெறுகிறது. 'கிளர்வுற்ற நிலை' என்பது அறிவியல் தமிழ் அதற்கு இட்ட பெயர். அந்நிலை நீடிப்பதில்லை. பெற்ற ஆற்றல் வெப்பமாகவோ ஒளியாகவோ வெளியேறும்; அன்றேல் பிணைப்பு முறியும். குடத்தில் நிகழ்ந்தது பின்னது.

அழிக்கும் இவ்வாற்றலே ஆக்கவும் வல்லது என்பதை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் முஷி சாந்தப்பா. மான்செஸ்டரில் எம். ஜி. எவான்ஸ், என். யூரி ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை 1951இல் வெளிவந்தது. நீரில் கரைந்த ஃபெரிக் அயனியின் மீது ஒளி பட்டால், அதனுடன் இணைந்த ஹைட்ராக்சைடிலிருந்து ஓர் எலக்ட்ரான் இரும்புக்குத் தாவும். எஞ்சும் ஹைட்ராக்சில் உறுப்பு வைனைல் மூலக்கூறு ஒன்றைப் பற்றிக்கொள்ள, அது அடுத்ததைப் பற்ற, நெடுஞ்சங்கிலியாகப் பலபடி வளரும். கணத்தில் மறையும் ஒன்றை நேரில் காண இயலாது. அது தொடங்கிவைத்த சங்கிலியை அளக்கலாம். விளைவைக் கொண்டு காரணத்தை உய்த்துணரும் நெறி இது.

சாந்தப்பா சென்னைப் பல்கலைக்கழகத்தில் இவ்வாய்வை வளர்த்தார். 1960களில் அவரும் மாணவர் பி. நடராஜனும் கோபால்ட் அசைடு அணைவுச் சேர்மங்களை ஒளியால் பிளந்து பலபடியாக்கலைத் தொடங்கிவைத்தனர். 1967இல் சாந்தப்பா பட்நாகர் பரிசு பெற்றார். அதே ஆண்டு நோபல் பரிசு பெற்ற மூவருள் நாரிஷும் போர்ட்டரும் மின்வெட்டு ஒளியால் கிளர்வுற்ற மூலக்கூறுகளை நேரடியாகக் காணும் முறையை வகுத்தவர்கள். ஃபெம்டோ நொடி லேசரால் மூலக்கூறின் அசைவையே கண்ட அகமது செவைலுக்கு 1999இல் அப்பரிசு கிட்டியது. நடராஜனும் பிற்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அதிவேக நிகழ்வுகளுக்கான தேசிய மையத்தில் பணியாற்றினார். உய்த்துணர்வில் தொடங்கிய ஆய்வு இருதலைமுறைக்குள் நேர்க்காட்சியை எட்டியது.

ஏடு தேடிய ஆசிரியரையும் அவர் மாணாக்கரையும் இலக்கிய வரலாற்றில் தவறாது குறிக்கும் நாம், இதே நகரில் தழைத்த இம்மாணாக்கர் மரபைக் குறிப்பதில்லை. ஆய்வேடுகள் ஆங்கிலத்தில் இருப்பது அதற்கு ஒரு காரணமாகலாம், போதிய காரணமன்று. கலைச்சொற்கள் நம்மிடம் உள்ளன. அவற்றைக் கொண்டு சொல்லவேண்டிய வரலாறும் உள்ளது. அதை எழுதும் கடமை வேதியியலார்க்கு மட்டும் உரியதன்று. தமிழ் கற்ற நமக்கும் உரியது.