பலூன் ஊதிய பிறகு: பொலிஸ் நிலையத்தில் எதில் கையெழுத்து வைக்கிறோம்?

கல்யாண வீட்டிலிருந்து திரும்பும்போது ஏ9 வீதியில் மறித்து பலூன் ஊதச் சொல்கிறார்கள். நிறம் மாறுகிறது. பொலிஸ் நிலையத்தில் ஒரு தாளை நீட்டுகிறார்கள். எழுத்து சிங்களம். வாசிக்காமலே கையெழுத்து வைத்துவிட்டு எப்படியாவது வெளியே வந்தால் போதும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆனால் இது சாதாரண சட்டத்தின் கீழ் வரும் வழக்கு. இங்கே உங்களுக்கு உரிமைகள் உண்டு.

முதலில் ஒன்று: பரிசோதனையை மறுக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 151ஆம் பிரிவின்படி, மறுத்தால் நீங்கள் மது அருந்தியிருந்ததாகவே ஊகிக்கப்படும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். சட்டத்தின் எல்லை 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம். பலூன் காட்டியது பிழை என்று நினைத்தால் அரச வைத்திய அதிகாரியிடம் கொண்டுபோகும்படி அப்போதே கேளுங்கள். மறுநாள் கேட்டுப் பயனில்லை, அதற்குள் இரத்தத்தில் எதுவும் மிஞ்சியிராது.

விசாரணை வேறு விடயம். கைதுக்கான காரணத்தைச் சொல்லியாக வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 13(1) உறுப்புரை. பெயர், முகவரி, சாரதி அனுமதிப்பத்திரம் கேட்டால் கொடுங்கள். ஆனால் 'எத்தனை போத்தல் குடித்தாய்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் கடப்பாடு இல்லை. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவு, உங்கள் மீதே குற்றச்சாட்டைக் கொண்டுவரக்கூடிய கேள்விகளுக்கு அந்த விலக்கைத் தருகிறது. எழுதிய வாக்குமூலத்தை உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும், மொழி விளங்காவிட்டால் விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும், திருத்தவும் சேர்க்கவும் இடம் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. "தமிழில் வாசித்துக் காட்டுங்கோ சேர், பிறகு சைன் வைக்கிறன்" என்று மரியாதையாகக் கேட்கலாம்.

இது ஏன் முக்கியம்? நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கைப் பாருங்கள். சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தில் அவரது பெருவிரல் அடையாளம் இருந்தது. அவருக்குச் சிங்களம் தெரியாது. 1995இல் 50 ஆண்டு சிறை, மேன்முறையீட்டில் 35 ஆனது. அவருக்கு நீதியான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004இல் முடிவு செய்தது. பொலிஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்க வழிவிட்டது பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. சாதாரண வழக்கில் அது முடியாது, சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு தடுக்கிறது. அதற்காக எதிலும் கையெழுத்து வைக்கலாம் என்றில்லை. பின்னர் நீதிமன்றத்தில் நீங்கள் வேறு விதமாகச் சொன்னால், அந்த வாக்குமூலத்தைக் காட்டி உங்கள் பேச்சை நம்ப முடியாது என்று வாதிடலாம். விபத்தும் நடந்திருந்தால் யார் ஓட்டியது, என்ன வேகம் என்ற ஒவ்வொரு வரியும் கனக்கும்.

சட்டத்தரணியை அழைக்கலாம். பொலிஸ் நிலையத்தில் சட்டத்தரணி கட்சிக்காரருக்காகத் தோன்றுவதற்கு 2012 முதல் வர்த்தமானி விதிகளே உள்ளன. பயண நேரம் தவிர்த்து 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும், அதற்கு முன் பொலிஸ் பிணையிலும் விடலாம். அடித்தால் அது 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைச் சட்டத்தின் கீழ் குற்றம். நீங்கள் குடித்திருந்தீர்களா இல்லையா என்பது அங்கே பொருட்டே இல்லை. காயங்களை வைத்தியரிடம் காட்டிப் பதிவு செய்யுங்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போட ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1996.

குடித்துவிட்டு ஓட்டுவதை நான் நியாயப்படுத்தவில்லை. குற்றம் செய்தவர் தண்டப்பணம் கட்டட்டும், அனுமதிப்பத்திரத்தையும் இழக்கட்டும். ஆனால் செய்ததற்கு மட்டும்தான். நீதிமன்றத்தில் குற்றவாளியா, சுற்றவாளியா என்று கேட்கும்போது, பத்திரத்தில் எத்தனை குற்றச்சாட்டுகள் என்று முதலில் பாருங்கள். மதுபோதையோடு பொலிஸாரின் கடமைக்கு இடையூறு என்றும் ஒன்று சேர்ந்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக 'ஓம்' சொல்ல வேண்டியதில்லை. வசதியில்லாதவர்கள் பதில் சொல்லுமுன் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.