ஆழிப்பேரலையும் தடைபட்ட உதவியும்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை பினாங்கில் மட்டும் 52 உயிர்களைக் கொண்டுபோனது. நாம் அதை இன்னும் பேசுகிறோம். அதே அலை இலங்கையில் சுமார் 35,000 பேரைக் கொன்றது. அங்கே அதிகம் இழந்தது அம்பாறை மாவட்டம். கல்முனை, சாய்ந்தமருது, கைத்தறிக்குப் பெயர்பெற்ற மருதமுனை எல்லாம் தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்கள்.

உலகம் பணம் தரத் தயாராக இருந்தது. அதை யார் கையில் கொடுப்பது என்பதில்தான் சிக்கல். வடகிழக்குக் கரையின் ஒரு பகுதி விடுதலைப் புலிகளிடம் இருந்தது. அவர்களை இந்தியா 1992இலும் அமெரிக்கா 1997இலும் பிரிட்டன் 2001இலும் பயங்கரவாத அமைப்பு என்று தடை செய்திருந்தன.

நார்வே நடுவில் நின்று பேசி, 2005 ஜூன் 24இல் இலங்கை அரசும் புலிகளும் 'பொதுக்கட்டமைப்பு' ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஆறு மாவட்டங்களுக்கான குழுவில் பத்துப் பேர்: புலிகளுக்கு ஐந்து, முஸ்லிம்களுக்கு மூன்று, அரசுக்கு இரண்டு. இடம் கொடுத்தார்களே தவிர, கையெழுத்திட முஸ்லிம்களை அழைக்கவில்லை. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் கொன்றதையும், அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை ஊரோடு வெளியேற்றியதையும் அறிந்தவர்களுக்கு அந்த மக்களின் அச்சம் புரியும். புலிகளைத் தடை செய்தது தவறென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் தடையின் பாரம் கூடாரத்தில் கிடந்தவர்கள் தலையிலும் அல்லவா இறங்கியது!

தன் சட்டம் இடம் தராததால் அந்த நிதிக்கு நேரடியாகப் பணம் போட முடியாது என்றது அமெரிக்கா. ஜே.வி.பி. அரசிலிருந்து விலகி வழக்குப் போட்டது. ஜூலை 15இல் உச்ச நீதிமன்றம் முக்கியப் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. பொதுக்கட்டமைப்பு செயல்படவே இல்லை. மறு ஆண்டு போர் மூண்டது. 2008 செப்டம்பரில் உதவி நிறுவனங்களை வன்னியை விட்டு வெளியேறச் சொன்னது அரசு.

அமெரிக்காவில் ஒரு வழக்கு நடந்தது. சுனாமி உதவி கேட்டு உலக அமைப்புகளிடம் முறைப்படி மனுச் செய்வது எப்படி என்று புலிகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா என்பது அதில் எழுந்த கேள்விகளில் ஒன்று. 2010 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பயிற்சியும் ஆலோசனையும்கூடப் பயங்கரவாதத்துக்குத் தரும் உதவியாகலாம் என்றது. மூன்று நீதிபதிகள் உடன்படவில்லை.

பணம் அனுப்புவதில் வந்த கெடுபிடிகளுக்குப் பின்னணியில் 2001 செப்டம்பர் 11 இருக்கிறது. அடுத்த மாதமே எஃப்.ஏ.டி.எஃப். என்ற பன்னாட்டு நிதிக் கண்காணிப்பு அமைப்பு எட்டுச் சிறப்புப் பரிந்துரைகளை வெளியிட்டது. ஆறாவது, நம் பெரியவர்களுக்குப் பழக்கமான உண்டியல் முறையைக் குறிவைத்தது, எட்டாவது, அறநிறுவனங்களை. நவம்பரில் சோமாலியர்கள் ஊருக்குப் பணம் அனுப்பிவந்த அல் பரகாத் நிறுவனத்தை அமெரிக்கா முடக்கியது. சேர்த்த காசை வெளிநாட்டுக்கு அனுப்பும் சங்கத்திடம், வாங்குபவர் யார், எதற்கு என்று வங்கி கேள்விமேல் கேள்வி கேட்பது இந்த வழியில் வந்ததுதான். வியாபாரிகளாகிய நமக்குக் கணக்குக் காட்டுவது புதிதல்ல. சந்தேகத்தோடு பார்ப்பதுதான் உறுத்துகிறது.

2016 ஜூனில் எட்டாவது பரிந்துரையைத் திருத்தினார்கள். இலாப நோக்கற்ற அமைப்புகள் குறிப்பாக எளிதில் தவறாகப் பயன்படுத்தப்படக்கூடியவை என்றிருந்த வரி நீக்கப்பட்டது.