எலும்புவழிக் கேட்பி

எலும்புவழிக் கேட்பி என்பது, ஒலியைக் காதுத்துளை வழியாகச் செலுத்தாமல், தலையெலும்புகளின் அதிர்வு வழியாக உட்செவிக்குக் கொண்டு சேர்க்கும் தலையணி ஒலிக்கருவி ஆகும். கடைகளில் இது 'போன் கண்டக்சன் ஹெட்போன்' என்ற பெயரிலேயே விற்கப்படுகிறது. இப்பெயரிலுள்ள முதற்சொல் எலும்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகும். அதைத் தொலைபேசி எனக் கொண்டு குழம்புவோர் பலர். காதுத்துளை அடைபடாமல் இருப்பதால், தொலைபேசியில் பேசிக்கொண்டே சுற்றுப்புற ஒலிகளையும் கேட்க இயலும். இதனால் நடப்போர், மிதிவண்டி ஓட்டுவோர், பேருந்திலும் தொடர்வண்டியிலும் நாள்தோறும் பயணம் செய்வோர் ஆகியோரிடையே இது பரவி வருகிறது. காது திறந்திருப்பதால் விபத்து நேராது என்பதும், செவிப்பறையைத் தொடாததால் செவிக்குத் தீங்கில்லை என்பதும் இக்கருவியைப் பற்றி நிலவும் இரண்டு தவறான கருத்துகளாகும்.

ஒலி உட்செவியை அடையும் வழிகள்

பொதுவாக ஒலி காற்றின் வழியே புறச்செவியை அடைந்து செவிப்பறையை அதிரச் செய்கிறது. அவ்வதிர்வை நடுச்செவியிலுள்ள சுத்தி, பட்டடை, அங்கவடி எனும் மூன்று சிற்றெலும்புகள் பெருக்கி, காக்ளியா எனப்படும் நத்தை வடிவ உட்செவி உறுப்புக்குக் கடத்துகின்றன. காக்ளியாவிலுள்ள மயிரணுக்கள் அதிர்வை நரம்புத் துடிப்புகளாக மாற்றுகின்றன. இது காற்றுவழிக் கேட்டல்.

காக்ளியா தலையெலும்பினுள் பதிந்துள்ளது. எனவே அவ்வெலும்பை அதிரச் செய்தாலும் உள்ளிருக்கும் நீர்மம் அசைந்து ஒலியுணர்வு தோன்றும். இது எலும்புவழிக் கேட்டல். நாம் பேசும்போது நமது குரலை இரு வழிகளிலும் ஒருசேரக் கேட்கிறோம். ஒலிப்பதிவில் எலும்புவழி வரும் பங்கு இல்லாமையால்தான் பதிவு செய்யப்பட்ட நமது குரல் நமக்கே அயலார் குரல்போல மெலிந்து ஒலிக்கிறது.

இரு வழிகளும் முடிவில் காக்ளியாவில் ஒரே விளைவைத்தான் உண்டாக்குகின்றன என்பதை கியார்க் வான் பெக்கேசி 1932இல் காட்டினார். எலும்புவழி வந்த ஒலியை, அதே அதிர்வெண் கொண்ட காற்றுவழி ஒலியால் முழுமையாக நீக்க இயலும் என்பதே அவரது ஆய்வின் சாரம். உட்செவியைப் பற்றிய ஆய்வுகளுக்காக 1961இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பள்ளி இயற்பியல் ஆய்வகத்திலுள்ள இசைக்கவையைக் கொண்டு மாணவர்கள் இதை எளிதில் செய்து பார்க்கலாம். இசைக்கவையைத் தட்டி, அதன் காம்பைக் காதின் பின்னுள்ள எலும்பில் ஊன்றினால் ஒலி கேட்கும். ஒலி தேய்ந்து மறைந்தபின் கவையைக் காதின் முன் பிடித்தால் நலமான செவியுடையோருக்கு மீண்டும் கேட்கும். காற்றுவழியே வலிமையானது என்பதற்கு இது சான்று. நடுச்செவியில் பழுதுடையோருக்கு இது தலைகீழாக அமையும். ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் ரின்னே 1855இல் விவரித்த இச்சோதனை அவர் பெயராலேயே வழங்குகிறது; செவி மருத்துவர்கள் இன்றும் இதைச் செய்கின்றனர்.

பாம்பும் எலும்புவழிக் கேட்டலும்

தமிழில் பாம்புக்குக் கட்செவி என்றொரு பெயர் உண்டு. புறத்தே காது தென்படாமையால், கண்ணையே செவியாகக் கொண்டது என முன்னோர் கருதினர். (வாட்சப் செயலிக்குக் 'கட்செவி அஞ்சல்' எனப் பெயரிட்டோர் இச்சொல்லையே எடுத்தாண்டனர்.) அதே வேளையில், கூர்மையான கேட்புத்திறனைப் 'பாம்புச் செவி' என்னும் வழக்கும் உள்ளது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றினும், பாம்பின் உடலமைப்பு இரண்டுக்கும் இடம் தருகிறது. பாம்புக்குப் புறச்செவியும் செவிப்பறையும் இல்லை. ஆனால் உட்செவி உண்டு. தரையின் அதிர்வு கீழ்த்தாடை எலும்பு வழியாக உட்செவியை அடைகிறது. காற்றில் வரும் ஒலியும் மண்டையோட்டை அதிரச் செய்வதால் பாம்புக்கு ஓரளவு கேட்கிறது என்பதை மலைப்பாம்பு இனமொன்றில் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வு காட்டியது.

வரலாறு

பற்களிடையே கடித்த கோல் வழியாக ஒலியைக் கேட்க இயலும் என்பதை இத்தாலிய அறிஞர் கிரோலமோ கார்டானோ 16ஆம் நூற்றாண்டில் குறிப்பிட்டார். செவித்திறன் இழந்த இசையமைப்பாளர் பேத்தோவன் பியானோவில் ஊன்றிய கோலைக் கடித்துக்கொண்டு இசையை உணர்ந்தார் என்று கூறப்படுவதுண்டு. 1879இல் அமெரிக்காவின் சிகாகோவைச் சேர்ந்த ரிச்சர்ட் ரோட்ஸ், மேற்பற்களில் பொருத்திப் பிடிக்கும் விசிறி வடிவக் கேட்கும் கருவியை உருவாக்கினார். அறிவியல் புனைகதை இதழ்களின் முன்னோடியான ஹியூகோ கெர்ன்ஸ்பேக் 1920களில் மின்சாரத்தால் இயங்கும் எலும்புவழிக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார்.

மருத்துவத்தில் பெரிய மாற்றம் சுவீடனில் நிகழ்ந்தது. தைட்டானியம் உலோகம் எலும்போடு இணைந்து வளரும் இயல்புடையது. அதனைப் பயன்படுத்தி, காதின் பின்னெலும்பில் திருகாணி பதித்து அதன்மேல் கேட்கும் கருவியைப் பொருத்தும் முறை 1977இல் கோத்தன்பர்க் நகரில் தொடங்கியது. பொதுமக்களுக்கான தலையணிக் கருவிகள் 2011க்குப் பின்னரே பரவலாயின. அவ்வாண்டில் ஆஃப்டர்ஷாக்ஸ் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் 2021இல் ஷாக்ஸ் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. 2013இல் வெளிவந்த கூகுள் கண்ணாடியிலும் எலும்புவழி ஒலிப்பான் இருந்தது.

அமைப்பும் அணியும் முறையும்

இக்கருவியில் இரண்டு அதிர்விகள் உள்ளன. அவை காதுக்குச் சற்று முன்னே, கன்ன எலும்பின் மேற்பகுதியில் அழுந்தியிருக்கும். காதின் மேல் கொக்கிபோல வளைந்து, பிடரியைச் சுற்றி வரும் மெல்லிய உலோகப் பட்டை இரண்டையும் இணைக்கிறது. எடை பெரும்பாலும் 30 கிராமுக்கு உட்பட்டது. கைப்பேசியுடன் புளூடூத் வழியே இணைகிறது.

அதிர்வி தோலோடு நன்கு பொருந்தினால்தான் ஒலி சீராகக் கடத்தப்படும். இடையே முடிக்கற்றை சிக்கினாலும், முகத்தில் எண்ணெய் மிகுந்து கருவி வழுக்கினாலும் ஒலி குன்றும். மூக்குக்கண்ணாடி அணிவோருக்குக் காதின் மேற்புறத்தில் இரண்டு கொக்கிகள் போட்டியிடும். முதலில் கேட்பியையும் அதன்மேல் கண்ணாடியையும் அணிவது ஓரளவு வசதி தரும். தோட்டிலிருந்து கூந்தலுக்கு ஏறும் மாட்டலுடன் இதனை அணிவது கடினம். தாழ்வாக இட்ட கொண்டையும் பிடரிப் பட்டையை மேலே தள்ளிவிடும். அயல்நாடுகளில் ஓட்டப் பயிற்சியாளர்களை மனத்திற்கொண்டு வடிவமைத்தோர் இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தாழ்ந்த அதிர்வெண் ஒலிகளை இக்கருவி நன்கு எழுப்புவதில்லை. அவ்வொலிகளை உரக்க வைத்தால் கன்னத்தில் கூச்சம் உண்டாகும். மேலும், ஒரு பக்கத்து அதிர்வு மண்டையோட்டின் வழியே மறுபக்கத்துக் காக்ளியாவையும் அடைவதால் இடம், வலம் என்ற பிரிவு மங்கிவிடும். ஆகவே தவில், மிருதங்கம் போன்றவற்றின் முழக்கத்தை நுணுகிக் கேட்க விரும்புவோருக்கு இது ஏற்றதன்று. பேச்சொலிக்கு இக்குறைகள் அவ்வளவாகத் தடையாவதில்லை.

விலை மலிந்த சில கருவிகள் இப்பெயரைத் தாங்கியிருப்பினும், உண்மையில் காதருகே வைத்த சிறு ஒலிபெருக்கிகளே. இதனை அறிய எளிய வழி உண்டு. கருவியை அணிந்து இரு காதுத்துளைகளையும் விரலால் அடைக்க வேண்டும். எலும்புவழிக் கருவியாயின் ஒலி, குறிப்பாகத் தாழ்ந்த ஒலி, முன்னிலும் ஓங்கிக் கேட்கும். சாதாரண ஒலிபெருக்கியாயின் குன்றிவிடும். எலும்பு அதிரும்போது காதுத்துளையின் சுவரும் அதிர்ந்து ஒலியை எழுப்புகிறது. துளை திறந்திருந்தால் அவ்வொலியின் பெரும்பகுதி வெளியேறிவிடும்; அடைத்தால் உள்ளேயே தங்கிச் செவிப்பறையை அடையும். இதனை அடைப்பு விளைவு என்பர்.

தொலைபேசி உரையாடலில்

வீட்டிலும் அலுவலகத்திலும் இக்கருவி மிகவும் பயன்படுகிறது. நீண்ட நேரம் பேசினாலும் காதுத்துளையில் வியர்வையோ புண்ணோ உண்டாவதில்லை. அடுப்பில் குக்கரின் விசில், வாசலில் அழைப்புமணி, தொட்டிலில் குழந்தையின் அழுகை ஆகியவை தவறாமல் கேட்கும்.

ஆனால் நமக்குத் தெளிவாகக் கேட்கும் உரையாடல், எதிர்முனையில் இருப்பவருக்கும் தெளிவாகக் கேட்கிறது என்று கொள்ளலாகாது. ஒலியைத் தருவது மட்டுமே எலும்பின் வழி நிகழ்கிறது. நமது குரலைப் பிடிப்பது பெரும்பாலான கருவிகளில் காற்றுவழி ஒலிவாங்கியே. மிதிவண்டியில் செல்கையில் எதிர்காற்று அதனுள் புகுந்து பேச்சை மூழ்கடிக்கும். வாயருகே நீளும் ஒலிவாங்கித் தண்டு உடைய கருவிகள் இதில் சற்று மேம்பட்டவை. அமைதியான அறையில் ஒலியை உயர்த்தினால் அருகிலிருப்பவருக்கும் பேச்சு கசிந்து கேட்கும் என்பதால், மறைவாகப் பேச இது உதவாது.

புதுக்கோட்டைப் பயணங்களில்

புதுக்கோட்டை மாவட்டத்தைப் போன்ற, சிற்றூர்கள் நிறைந்த பகுதிகளின் பயணமுறை இக்கருவியின் நிறையையும் குறையையும் ஒருங்கே காட்டும். புதுக்கோட்டைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடைப்பட்ட தொலைவு 50 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. கீரனூர் வழியே கல்லூரிக்கும் வேலைக்கும் நாள்தோறும் சென்று வருவோர் பலர். பேருந்தில் எந்திர இரைச்சலும் ஒலிப்பான் ஒலியும் சேர்ந்து ஒலிக்கையில், திறந்த காது ஒரு குறையாகிவிடுகிறது. உரையாடல் கேட்காமல் பயணி ஒலியளவை மேலும் மேலும் உயர்த்துகிறார். இவ்விடத்தில் நுரையாலான காதடைப்பானைச் செருகிக்கொண்டு கேட்பியை அணிந்தால், வெளி இரைச்சல் குறைவதோடு அடைப்பு விளைவால் ஒலியும் ஓங்கும், ஒலியளவைத் தாழ்த்திவிடலாம். இருக்கையில் அமர்ந்து செல்லும் பயணிக்கு மட்டுமே இம்முறை பொருந்தும். வண்டி ஓட்டுபவர் எக்காரணம் கொண்டும் காதை அடைத்தல் கூடாது.

தொடர்வண்டி நிலையத்தில் நிலைமை வேறு. திருச்சிராப்பள்ளி - மானாமதுரைத் தடத்திலுள்ள புதுக்கோட்டை நிலையத்தில் காத்திருப்பவர், பேசிக்கொண்டே நடைமேடை அறிவிப்பையும் கேட்கலாம்.

மிதிவண்டியைப் பொறுத்தவரை இம்மாவட்டத்துக்குத் தனி வரலாறு உண்டு. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் பகுதியாக, அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால் ஊர்ப்புறப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். இவ்வாறு கற்றோர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் என்று இதழாளர் பி. சாய்நாத் எழுதியுள்ளார். அக்காலத்தில் ஊர்ச்சாலைகளில் போக்குவரத்து குறைவு. இன்று அதே சாலைகளில் சரக்குந்துகளும் விரைவுப் பேருந்துகளும் செல்கின்றன. மிதிவண்டியில் பின்னோக்கும் ஆடி பெரும்பாலும் இருப்பதில்லை. பின்னால் வருவதை அறியக் காது ஒன்றே துணை. காதில் செருகும் கேட்பிகளைவிட எலும்புவழிக் கேட்பி மேலானதென்று கூற வலுவான காரணம் இதுவே.

எனினும் ஒலி காதில் விழுவதும் மனம் அதனைக் கொள்வதும் வெவ்வேறு செயல்கள். தொலைபேசியில் மூழ்கிப் பேசுபவருக்கு ஒலிப்பான் ஒலி கேட்டாலும், அதற்கேற்ப விலகுவதற்குக் கூடுதல் நேரம் ஆகிறது. கையில் பிடித்துப் பேசுவதற்கும் கைபடாமல் பேசுவதற்கும் இவ்வகையில் பெரிய வேறுபாடு இல்லை என்பதை ஓட்டுநர் கவனம் பற்றிய ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி இரண்டு நொடியில் ஏறத்தாழ 33 மீட்டர் கடந்துவிடும்.

சட்ட நிலை

2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, ஓட்டும்போது கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்துள்ளது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, 1000 முதல் 5000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். அப்பிரிவின் சொற்கள் கையில் பிடிக்கும் கருவியையே குறிக்கின்றன. அதனைக் கொண்டு, தலையில் அணியும் கருவியோடு வண்டி ஓட்டுவதற்கு இசைவு கிடைத்துவிட்டதாகக் கொள்வது பிழை. கவனக்குறைவாக ஓட்டி விபத்து நேர்ந்தால் கருவி எவ்வகையினது என்பது காப்பாகாது. இருசக்கர வண்டியில் கட்டாயமான தலைக்கவசம் இக்கருவியின் மேல் அழுந்திக் கன்னத்தில் வலியை உண்டாக்கும். அதற்காகக் கவசத்தின் வாரைத் தளர்த்திக்கொள்வது பேரிடரை விலைகொடுத்து வாங்குவதாகும்.

செவிநலம்

'செவிப்பறையைத் தொடுவதில்லை, ஆகவே செவி கெடாது' என்னும் விளம்பரக் கூற்று உண்மைக்குப் புறம்பானது. பேரொலியால் முதலில் அழிவது செவிப்பறை அன்று, காக்ளியாவின் மயிரணுக்களே. எவ்வழியில் வந்தாலும் ஒலி சேருமிடம் அதுவே. மனிதரில் இவ்வணுக்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. உலக நலவாழ்வு அமைப்பு, வாரத்துக்கு 80 டெசிபல் அளவில் 40 மணி நேரத்தையும், 90 டெசிபல் அளவில் 4 மணி நேரத்தையும் கேட்டலின் எல்லையாகக் குறிப்பிடுகிறது. நாளும் இரைச்சல் மிகுந்த பேருந்தில் ஒலியை உச்சத்தில் வைத்துக் கேட்பவர் இவ்வெல்லையைத் தாண்டுதல் எளிது.

செவிக்குறையுடையோரில் இக்கருவி அனைவருக்கும் பயன்படாது. செவிப்பறை ஓட்டை, நடுச்செவிச் சிற்றெலும்புகளின் பழுது, பிறவியிலேயே காதுத்துளை இன்மை ஆகியவற்றால் விளையும் கடத்தல்வகைச் செவிக்குறையில், உட்செவி நலமாக இருப்பதால் நல்ல பயன் தரும். முதுமையாலோ பேரொலியாலோ உட்செவி பழுதுபட்டோருக்கு இதனால் சிறப்பான நன்மை இல்லை. மேலும் இது தொலைபேசி, இசை ஆகியவற்றுக்கான கருவி. மருத்துவர் பரிந்துரைக்கும் எலும்புவழிக் கேட்கும் கருவிக்கு மாற்று அன்று.

காதில் நெடுநாளாகச் சீழ் வடிவோர் இதனைக் குறித்து எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். அவர்களுக்குச் செருகும் கேட்பிகள் ஆகா என்பதால் எலும்புவழிக் கேட்பி பெரிய ஆறுதலாக அமைகிறது. தொலைபேசிக் குரல் தெளிவாகக் கேட்கத் தொடங்கியதும் சிகிச்சையைத் தள்ளிப்போடும் மனநிலையும் உடன் வருகிறது. சீழோடு துர்நாற்றம், தலைச்சுற்றல், முகம் ஒரு பக்கம் கோணுதல் ஆகியவை இருப்பின், நடுச்செவியில் தோல் வளர்ந்து சுற்றியுள்ள எலும்பை அரித்துவரும் நோயாக இருக்கக்கூடும். அது மூளைவரை பரவக்கூடியது. அறுவைச் சிகிச்சையே அதற்குத் தீர்வு. 2017இல் தொடங்கப்பட்ட புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளிட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் இதற்கான சோதனையைச் செய்துகொள்ளலாம். மருத்துவர் அங்கு முதலில் கையில் எடுப்பதும் பெரும்பாலும் ஓர் இசைக்கவையாகவே இருக்கும்.