சேவலின் தாடியும் மனிதனின் முன்கையும்

க்ஷயரோகக் கிருமியைக் கண்டறிந்த செய்தியை 1882ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24ஆம் தேதி பெர்லின் உடலியல் சங்கத்தில் வாசித்தபோது, மனிதனின் நுரையீரலைத் துளைப்பதும், பசுவின் நிணநீர்க் கணுக்களில் குடிபுகுவதும், கோழியின் ஈரலை வெண்மணிகளால் நிரப்புவதும் ஒரே கிருமிதான் என்றே ராபர்ட் கோக் கருதியிருந்தார். அதில் வியப்பொன்றும் இல்லை. ஏனெனில் மெழுகு போன்ற போர்வையைப் போர்த்துக்கொண்டு, ஒருமுறை ஏற்ற சாயத்தை அமிலத்தால் கழுவினாலும் விடாமல் பற்றிக்கொள்ளும் அந்தச் சிறு கோல்கள், நுண்நோக்கியின் கீழ் ஒன்றுக்கொன்று வேற்றுமை காட்டுவதில்லை. அந்த எண்ணத்தைக் கலைத்தவர்கள் இத்தாலியர் இருவர். 1889இல் ரிவோல்டாவும், அவரை அடுத்து மாஃபூச்சியும், கோழியின் கிருமி வேறு, மனிதனின் கிருமி வேறு என்று சோதனைகளால் நிலைநாட்டினர். மனிதக் கிருமிக்கு எளிதில் இரையாகும் கினிப் பன்றி, கோழிக் கிருமியைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. பறவையின் தேக உஷ்ணம் நம்முடையதைக் காட்டிலும் 4 டிகிரி அளவுக்கு மிகுந்திருப்பதற்கேற்ப, அதன் கிருமியும் மனிதக் கிருமி சோர்ந்துவிடும் வெப்பத்தில் செழித்து வளர்கிறது. கோக்கும் தம் பழைய கருத்தைக் கைவிட்டு, இரண்டும் நெருங்கிய உறவுடைய வெவ்வேறு இனங்களே என்று 1890ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டார்.

ஒப்புக்கொண்டது பெர்லினில் கூடிய சர்வதேச வைத்திய மகாநாட்டில். ஆனால் அந்தப் பிரசங்கத்தில் கோழியைப் பற்றிய பகுதி யார் காதிலும் விழவில்லை. க்ஷயத்தைத் தடுத்து நிறுத்தும் வஸ்து ஒன்று தம்மிடம் இருக்கிறதென்று அவர் இறுதியில் சொன்ன சில வாக்கியங்களே உலகை எழுப்பின. அவ்வாண்டு நவம்பரில் மருந்து வெளிவந்ததும் நோயாளிகள் திரள்திரளாகப் பெர்லினுக்குப் புறப்பட்டனர்; வைத்தியராகவும் கதாசிரியராகவும் இருந்த கானன் டாயில் அங்கே போய்ப் பார்த்துவிட்டு, ஆரவாரத்தில் மயங்காமல் ஐயத்தோடு எழுதினார். கோக் முதலில் தம் கையிலேயே கால் கன சென்டிமீட்டர் அளவு குத்திக்கொண்டு, சில மணி நேரத்தில் கைகால் வலியும் நடுக்கமும் கண்டு, 39.6 டிகிரி காய்ச்சலில் கிடந்தவர். 1891 ஜனவரியில், கிருமிகளை வளர்த்த கிளிசரின் சாற்றின் வடிப்பே அந்த ரகசிய மருந்து என்று அவர் வெளியிட்டார். அதே மாதத்தில் நோய்க்கூற்றியல் அறிஞரான முதிய விர்க்கோ, சிகிச்சை பெற்று இறந்தவர்களின் சவங்களை அறுத்துப் பார்த்து, ஆறிப்போக வேண்டிய கட்டிகளைச் சுற்றிப் புதிய கட்டிகள் முளைத்திருப்பதைக் காட்டினார். ட்யூபர்குலின் என்ற அந்த மருந்தின் கீர்த்தி அத்துடன் சரிந்தது.

மருந்தாகத் தோற்றது சாட்சியாக வென்றது என்பதுதான் இந்தச் சரித்திரத்தின் ருசியான பகுதி. நோயுற்ற உடல் அந்தச் சாற்றுக்குச் சீறுகிறது, நோயற்ற உடல் பேசாதிருக்கிறது என்பதைக் கவனித்த கால்நடை வைத்தியர்கள் அதைத் தொழுவத்துக்குக் கொண்டுபோயினர். டென்மார்க்கில் பெர்ன்ஹார்ட் பாங், வெளிப்பார்வைக்குத் திடகாத்திரமாக இருந்த பசுக்களுள் எவை கிருமியைச் சுமக்கின்றன என்று அதைக் கொண்டே பிரித்தறியலானார். 1907இல் வியன்னாவின் பிர்க்கே குழந்தைகளின் தோலைக் கீறி ஒரு துளி இட்டுப் பார்த்தார். மறு ஆண்டில் பிரெஞ்சுக்காரரான மாந்தூ தோலின் உள்ளடுக்கில் ஊசி செலுத்தும் முறையை வகுத்தார். இன்று நம் ஆஸ்பத்திரிகளில் முன்கையின் உட்புறத்தில் பத்தில் ஒரு மில்லி ஏற்றும்போது, மயிர்க்கால்கள் குழிந்து தெரிய எழும்பி, சற்று நேரத்தில் அமிழ்ந்துவிடும் அந்த வெண்ணிறத் தடிப்பு அவர் வழிவந்தது. மூன்றாம் நாளில் நர்ஸ் விரலால் தடவித் தேடுவது சிவப்பை அல்ல, கெட்டிப்பை. சிவந்து மட்டும் இருந்தால் அதற்கு மதிப்பில்லை, அளவுகோல் கெட்டிப்பின் குறுக்களவையே அளக்கிறது.

கோழிக்கு முன்கை ஏது? உடல் முழுதும் இறகு மூடிய பிராணிக்கு எங்கே குத்துவது என்ற கேள்விக்கு, 1914இல் வட டகோடாவில் வான் எஸ், ஷால்க் என்ற இருவர் விடை கண்டனர். கன்னத்தின் கீழே செந்நிறமாகத் தொங்கும் தாடியின் ஒரு மடலில், அதன் மெல்லிய கனத்துக்குள்ளேயே மயிரிழை போன்ற ஊசியால் பறவைக் கிருமியின் ட்யூபர்குலினைச் செலுத்தி, மறுமடலை ஒப்புநோக்குவதற்கு அப்படியே விட்டுவிடுவார்கள். 48 மணி நேரம் கழித்துக் கோழியை எதிரே நிறுத்திப் பார்த்தால், நோயுள்ளதன் ஒரு மடல் நீர்கோத்து உப்பிச் சரிந்து தொங்க, மற்றது பழையபடி இருக்கும். அமெரிக்க மத்திய மேற்கின் பண்ணைகளில் இப்பரீட்சைக்குப் பெரும் பிரயோஜனம் இருந்தது. முட்டையிட்டு ஓய்ந்த கிழட்டுக் கோழிகளை ஆண்டுக்கணக்கில் முற்றத்தில் மேயவிட்டதால், அவற்றின் எச்சத்தில் கலந்த கிருமி மண்ணில் தங்கிப் பன்றிகளையும் தொற்றிக்கொண்டிருந்தது. முதலாண்டு முட்டைப் பருவம் முடிந்ததும் மந்தையையே விற்றுவிடும் வியாபார வழக்கம் வந்த பின், நோய் தானே ஒதுங்கியது. ஊசியைக் காட்டிலும் கணக்குப் புத்தகமே இங்கு அதிகம் சாதித்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

சாட்சியம் ஒன்றுபோல் இருப்பினும், உள்ளே போர் நடக்கும் விதம் ஒன்றல்ல. மனிதன் மூச்சின் வழியே கிருமியை வாங்குகிறான், கோழியோ தீனியோடு விழுங்குகிறது. ஆகவே கோழிக்கு நோய் குடலிலும் ஈரலிலும் மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் காண்பதே வழக்கம், நுரையீரல் அநேகமாகத் தப்பிவிடுகிறது. நம்மைப் போல நிணநீர்க் கணுக்கள் கோழிக்குக் கிடையா. காயத்துக்கு முதலில் ஓடிவரும் நம்முடைய நியூட்ரோபில் அணுவின் ஸ்தானத்தில் ஹெட்டிரோபில் என்ற வேறொரு வெள்ளையணு அதற்கு உண்டு. சீழை இளக்கித் திரவமாக்கும் வல்லமை அதற்குக் குறைவாதலால், கோழியின் சீழ் பாலாடைக்கட்டி போல உறைந்து கெட்டிப்படுகிறது. மனிதனுடைய பழைய கட்டிகளில் சுண்ணம் படிவதுபோல் கோழியின் கட்டிகளில் படிவதும் அபூர்வம். ஆயினும் கிருமியை விழுங்கிய பேரணுக்கள் கூடி, ஒன்றோடொன்று இணைந்து பல கருக்களுள்ள ராட்சத அணுக்களாகிச் சுற்றி மதிலெழுப்பும் தந்திரம் இருவருக்கும் பொது.

தோலில் எழும் அந்தக் கெட்டிப்பை உண்டாக்குவது எது என்ற கேள்வி நெடுங்காலம் தீராதிருந்தது. ரத்த நீரில் மிதக்கும் எதிர்பொருள்களே எல்லாவற்றையும் செய்கின்றன என்று பலர் நம்பிய காலத்தில், ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தின் மெரில் சேஸ் 1945இல் ஒரு கினிப் பன்றியின் ட்யூபர்குலின் உணர்ச்சியை மற்றொன்றுக்கு மாற்றிக் காட்டினார். ரத்த நீரால் மாறாத அந்த உணர்ச்சி வெள்ளையணுக்களால் மாறியது. ஆக, எதிர்ப்புச் சக்திக்கு இரு சேனைகள் உண்டென்று புலப்பட்டது. அவற்றின் பாசறைகள் எங்கே என்று காட்டும் பாக்கியம் கோழிக்கு வாய்த்தது. ரத்த ஓட்டத்தை விளக்கிய ஹார்வியின் ஆசிரியரான பாதுவா நகரத்து ஃபேப்ரீசியஸ், கோழியின் மலவாய்க்கு மேலே ஒரு சிறு பை இருப்பதைக் கண்டு எழுதியது 1621இல், அவர் காலமான பின், அச்சாயிற்று. அதன் உபயோகம் யாருக்கும் தெரியாமல் முந்நூறு ஆண்டுகள் கழிந்தன. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ப்ரூஸ் கிளிக் என்ற மாணவர் அந்தப் பையை அறுத்து நீக்கிய கோழிகளை வளர்த்துவந்தார். அவற்றுட் சிலவற்றை, எதிர்பொருள் உண்டாவதை வகுப்பில் காட்டுவதற்காகச் சக மாணவரான சாங் வாங்கிப்போனபோது, பையற்றவை எதிர்பொருளை உண்டாக்கவில்லை. இதைப் பற்றி எழுதிய கட்டுரையைப் பிரசித்தி பெற்ற பத்திரிகையொன்று திருப்பி அனுப்பிவிட, 1956இல் கோழிவளர்ப்பு விஞ்ஞானப் பத்திரிகை ஒன்றே அதை வெளியிட்டது. ஆகவே அதை முதலில் வாசித்தவர்கள் கோழி சாஸ்திரிகளே. பின்வந்த ஆராய்ச்சிகளால், எதிர்பொருள் தரும் அணுக்கள் அப்பையிலும், ட்யூபர்குலினுக்குச் சீறும் அணுக்கள் கழுத்திலுள்ள தைமஸ் சுரப்பியிலும் பயிற்சி பெறுகின்றன என்ற பாகுபாடு ஸ்திரமாயிற்று. மனிதனுக்கு அந்தப் பை இல்லை. எலும்பு மஜ்ஜையே அவ்வேலையையும் செய்கிறது. கோழியில் இரண்டும் தனித்தனியே இருந்ததனாலேயே நம்மில் கலந்து கிடந்தது விளங்கியது.

இனி நம் நாட்டுப் பக்கம் வருவோம். 1915இல் மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்யவரத்தில் க்ஷயரோக சானடோரியம் தோன்றியது. 1948இல் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் பி.சி.ஜி. தடுப்பூசி தயாரிக்கும் கூடம் எழுந்தது. பிரான்ஸின் லீல் நகரில் கால்மெட்டும் கெரானும் மாட்டுக் கிருமியைப் பித்தநீர் ஊட்டிய உருளைக்கிழங்கில் 1908 முதல் திரும்பத் திரும்பப் பயிர்செய்து வீரியமழித்த கிருமி அது. ஊர் ஊராகக் குழந்தைகளுக்கு முதலில் ட்யூபர்குலினும், அதற்குக் கை தடிக்காவிட்டால் பி.சி.ஜி.யும் ஏற்றப்பட்டபோது, 1955இல் ராஜாஜி இந்த இயக்கத்தைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். வைத்தியர்களுக்கு அது எரிச்சலூட்டியது. அவருடைய வைத்திய வாதங்கள் எல்லாம் நிற்கக்கூடியவை அல்ல. ஆனால் ஜனங்கள்மீது பரந்த அளவில் ஒன்றைச் செலுத்துமுன் அதன் பலனைப் பற்றிய சந்தேகங்களை அவர்கள் அறிய வேண்டும் என்ற முறையீட்டைத் தள்ளிவிட முடியாது.

அந்தப் பலனை அளக்கும் உலகப் பெரும் பரீட்சை, 1968இல் அப்போதைய செங்கற்பட்டு ஜில்லாவின் திருவள்ளூர் வட்டாரத்தில் துவங்கியது. சுமார் 3,60,000 பேர் பதிவுசெய்யப்பட்டனர். ஊசி ஏற்றுமுன் அவர்களுக்கு இரண்டு ட்யூபர்குலின்கள் செலுத்தப்பட்டன: ஒன்று மனிதக் கிருமியிலிருந்து எடுத்தது, மற்றொன்று, அமெரிக்காவின் ஜார்ஜியா ராஜ்யத்து ஆஸ்பத்திரியொன்றில் கண்டறியப்பட்ட, கோழிக் கிருமிக்கு மிக நெருங்கிய பந்துவான கிருமியிலிருந்து எடுத்தது. மாடு வளர்ப்போர் பசுவின் கழுத்தில் மேலே பறவை ட்யூபர்குலினும் கீழே மாட்டு ட்யூபர்குலினும் குத்தித் தடிப்பின் பருமனை ஒப்பிடும் வழக்கமே இங்கு மனிதர் மீது நடந்தது எனலாம். வயது வந்தவர்களுள் அநேகமாக எல்லோர் கையும் இரண்டாவது ஊசிக்குத் தடித்தது. மண்ணிலும் நீரிலும் வாழும் இத்தகைய கிருமிகளோடு அவர்கள் உடல் முன்பே பரிச்சயப்பட்டிருந்தது.

1979இல் முதல் முடிவு வெளியானபோது உலகம் திகைத்தது: நுரையீரல் க்ஷயத்துக்கெதிராகப் பி.சி.ஜி. அந்த ஜனங்களுக்குப் பாதுகாப்பளித்ததாகவே தெரியவில்லை. மண்ணிலுள்ள பந்துக்கிருமிகள் தம் பங்குக்குச் சிறிது எதிர்ப்பைக் கொடுத்துவிட்டதால், பி.சி.ஜி. மேலும் கொடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை என்ற விளக்கத்துக்குக் கினிப் பன்றிகளில் முன்பே ஆதாரம் கிடைத்திருந்தது. ஆனாலும் எல்லோரும் அதை முழுமையாக ஏற்கவில்லை. பிறந்த சிசுக்களுக்கு மூளைச் சவ்வுக் காய்ச்சலிலிருந்தும் பரவும் க்ஷயத்திலிருந்தும் காப்பளிப்பதால் பி.சி.ஜி. இன்றும் தொடர்கிறது.

பி.சி.ஜி.யிலும் கோழிக் கிருமியிலும் இல்லாது, மனித க்ஷயக் கிருமியில் உள்ள ஈசாட்-6, சி.எஃப்.பி.-10 என்ற இரு புரதங்களைக் கொண்டு புதிய தோல் பரீட்சையொன்று இந்தியாவில் இப்போது அங்கீகாரம் பெற்றிருக்கிறது. மாட்டுத் தொழுவத்திலோ, பசுவின் கழுத்து ரோமத்தைக் கத்தரித்து, தோல் மடிப்பைக் கவ்விக்கோலால் அளந்து, இரண்டு ஊசிகளைக் குத்திவிட்டு 72 மணி நேரம் காத்திருக்கும் வழக்கம் பல தேசங்களில் மாறவில்லை.