பவுத்திரம்: நோயும் சிகிச்சை ஆராய்ச்சியும்

பவுத்திரம் என்பது மலக்குடலின் கீழ்ப்பகுதிக்கும் ஆசனவாயைச் சூழ்ந்த தோலுக்கும் இடையே, இயற்கையில் இல்லாத ஒரு குறுகிய புரை உண்டாகி, அதன் வழியே சீழும் நீரும் கசிந்துகொண்டிருக்கும் நோயாகும். ஆயுர்வேத நூல்கள் இதனைப் பகந்தரம் என்று வழங்குகின்றன. மூலம், ஆசனவாய் வெடிப்பு ஆகியவற்றோடு சேர்த்தே இதனைப் பேசுவது மக்கள் வழக்கம். ஆயினும் மூலம் இரத்தக் குழாய்கள் நிறைந்த மெத்தைப் பகுதியின் வீக்கம், வெடிப்பு மெல்லிய தோலில் விழும் கீறல், பவுத்திரமோ சீழ் தானே தனக்குத் தோண்டிக்கொண்ட வழி. ஆதலின் மூன்றுக்கும் காரணமும் வேறு, சிகிச்சையும் வேறு. உயிரை உடனே வாங்காவிடினும் மனிதனின் அன்றாட வாழ்வை ஆண்டுக்கணக்கில் குலைக்கவல்ல இந்நோய், நம் நாட்டின் பழைய சிகிச்சை முறை ஒன்று தற்கால விஞ்ஞானப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டு அதில் நிலைபெற்று நின்ற வரலாற்றையும் தன்னோடு கொண்டிருப்பதால், தனிக் கவனத்துக்கு உரியது.

உண்டாகும் விதம்

ஆசனவாயின் விளிம்பிலிருந்து ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் உள்ளே, குடலின் சவ்வும் வெளித்தோலும் ஒன்றையொன்று சந்திக்கும் பற்கோட்டில், சிறு சுரப்பிகள் சில வாய்திறந்து நிற்கின்றன. இவற்றுள் ஒன்று அடைபட்டு அதனுள் கிருமிகள் பெருகினால், சீழ்க்கட்டி தோன்றி, சுருக்குத்தசைகளுக்கு இடையேயுள்ள தளர்ந்த பகுதிகளின் வழியே பரவி, இறுதியில் தோலைத் துளைத்துக்கொண்டு வெளிவருகிறது. கட்டி உடைந்ததும் வலி தணிந்துவிடுவதால் நோய் நீங்கிற்று என்று நோயாளி எண்ணுகிறார். ஆனால் உள்ளே சுரப்பியின் வாய் திறந்தே இருப்பதால், அதற்கும் தோலிலுள்ள துளைக்கும் இடைப்பட்ட புரை ஆறுவதில்லை. இத்தகைய சீழ்க்கட்டிகளுள் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை பின்னர்ப் பவுத்திரமாக மாறுகின்றன.

காசநோய், கிரோன் நோய் எனப்படும் குடல் அழற்சி, முந்தைய அறுவையின் காயம் ஆகியவையும் சிலரிடத்தில் இதற்குக் காரணமாகலாம். நீரிழிவு உள்ளவர்களிடத்தில் சீழ் விரைந்து பரவுவதும் புண் தாமதித்து ஆறுவதும் உண்டு. ஹெல்சிங்கி நகரில் 1969 முதல் 1978 வரை எடுக்கப்பட்ட கணக்கின்படி, ஆண்டொன்றுக்கு ஒரு லட்சம் பேரில் ஆண்களில் 12.3 பேரும் பெண்களில் 5.6 பேரும் இந்நோய்க்கு ஆளாயினர். நடு வயது ஆண்களே மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றனர் என்பது எங்கும் கண்ட அனுபவம்.

அறிகுறிகளும் பரிசோதனையும்

ஆசனவாயின் அருகே சிறு கொப்புளம் போன்ற துளை, உள்ளாடையில் அல்லது வேட்டியில் படியும் கறை, அமரும்போது வலி, சிலநாள் அடைபட்டுப் பின் மீண்டும் உடைந்து ஒழுகும் கட்டி ஆகியவை இதன் அறிகுறிகள். புறத்துளை ஒன்றாயினும் பலவாயினும், வைத்தியர் முதலில் அறியவேண்டுவது உட்துளை எங்குள்ளது என்பதையே. அதனை விட்டு வெளிப்புண்ணை மாத்திரம் ஆற்றுவது, வேரைவிட்டுக் கிளையை வெட்டுவது போலாகும். 1900-ஆம் ஆண்டில் லண்டன் அறுவை நிபுணர் குட்சால் வகுத்த விதி இன்றும் மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது: ஆசனவாயின் நடுவே குறுக்காக ஒரு கோடு இட்டால், அக்கோட்டுக்கு முன்புறத்துத் துளையின் புரை பெரும்பாலும் நேராகவும், பின்புறத்துத் துளையின் புரை வளைந்து சென்று பின்பக்க நடுக்கோட்டில் முடிவதாகவும் இருக்கும். இக்காலத்தில் காந்த அதிர்வுப் படமும், ஆசனவாயினுள் செலுத்தும் நுண்ணொலிக் கருவியும், விதிக்கு அடங்காத சிக்கலான கிளைகளைத் தெளிவாகக் காட்டுகின்றன.

வகைகள்

1976-இல் அறுவை நிபுணர் ஆலன் பார்க்ஸும் அவருடன் உழைத்தவர்களும் 400 நோயாளிகளை ஆராய்ந்து, புரை சுருக்குத்தசைகளை எவ்வாறு கடக்கிறது என்பதைக் கொண்டு நான்கு வகைகளை ஏற்படுத்தினர்: இரு தசைகளின் இடையே மட்டும் செல்வது, வெளித்தசையை ஊடுருவிச் செல்வது, அதன் மேலேறி வளைந்து இறங்குவது, தசைகளுக்கு முற்றும் புறம்பாகச் செல்வது என்பன அவை. இந்தப் பாகுபாடு வெறும் பெயரிடல் அன்று. மலத்தை அடக்கும் ஆற்றல் அந்தச் சுருக்குத்தசைகளிலேயே உள்ளதாகையால், புரையைத் திறக்கும்போது எவ்வளவு தசை அறுபடும் என்பதே சிகிச்சையின் மையமான வினாவாகும். குறைவாக அறுத்தால் நோய் திரும்பும். அளவுக்கு மிஞ்சி அறுத்தால் நோயாளி அடக்கும் சக்தியை இழப்பார். இவ்விரு அபாயங்களுக்கும் இடையே நடுவழி காண்பதே பவுத்திர ஆராய்ச்சி முழுவதன் நோக்கம் எனலாம்.

பண்டைய வைத்தியம்

சுசுருத சம்ஹிதை, தீர்த்தற்கரிய எட்டு மகாரோகங்களுள் ஒன்றாகப் பகந்தரத்தை எண்ணி, அதனை ஐந்து வகையாகப் பிரித்து, கத்தியால் அறுத்தல், சுடுதல், செடிச் சாம்பலிலிருந்து எடுத்த காரமிடுதல் ஆகிய முறைகளை விரித்துரைக்கிறது; மெலிந்தோருக்கும் அஞ்சுவோருக்கும் காரம் தோய்ந்த நூலைப் புரையினுள் செலுத்திக் கட்டலாம் என்பதும் அந்நூலில் கண்ட உபாயமே. பதினோராம் நூற்றாண்டில் ஆயுர்வேத ஆசிரியர் சக்ரபாணிதத்தர், கள்ளிப்பாலும் மஞ்சளும் கொண்டு நூலைப் பக்குவப்படுத்தும் விதத்தை எழுதிவைத்தார். தமிழ் நாட்டின் சித்த வைத்தியம் புற மருந்துகளை முப்பத்திரண்டாக வகுத்து, அவற்றுள் அறுவை, கீறல், அட்டை விடல் ஆகியவற்றோடு காரத்தையும் சேர்த்துள்ளது. கிரேக்கத்தில் ஹிப்பாக்ரட்டிஸின் பெயரால் வழங்கும் நூல்களும், குதிரை மயிரோடு முறுக்கிய நூலைப் புரையில் இட்டு இறுக்கும் முறையைக் கூறுகின்றன. ஒன்றையொன்று அறியாத தேசங்களில் ஒரே உபாயம் தோன்றியமை, நோயின் இயல்பே வைத்தியனை அவ்வழியில் செலுத்தியது என்பதைக் காட்டுகிறது.

மேனாட்டு அறுவை வைத்தியம்

பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயிக்கு 1686-இல் பெலிக்ஸ் என்னும் அறுவை வைத்தியர் செய்த பவுத்திர அறுவை வெற்றிபெற்ற பின்னரே, அத்தொழிலுக்கு ஐரோப்பிய அரசவைகளில் மதிப்பு உயர்ந்தது. 1835-இல் லண்டனில் பிரெடரிக் சால்மன், பவுத்திரமும் பிற மலக்குடல் நோய்களும் உற்ற ஏழைகளுக்கென ஏழு படுக்கைகளோடு நிறுவிய சிறு சிகிச்சை நிலையம், பின்னர் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையாக வளர்ந்து, பெருங்குடல்–மலக்குடல் அறுவை வைத்தியம் ஒரு தனித் துறையாக உருவாவதற்கு வித்திட்டது; மேலே கூறிய குட்சாலும் பார்க்ஸும் அங்குப் பணிபுரிந்தவர்களே. தாழ்ந்த புரையைத் திறந்துவிட்டு அடியிலிருந்து ஆறச் செய்தல் இன்றும் நம்பத்தக்க முறையாகும். உயர்ந்த புரைகளுக்குத் தசையைக் காக்கும் முறைகள் பல முயலப்பட்டுள்ளன. இரு சுருக்குத்தசைகளின் இடைவெளியில் புரையைக் கட்டித் துண்டிக்கும் முறையை 2007-இல் பாங்காக் நகரத்து அருண் ரோஜனசகுல் வெளியிட்டார்.

காரநூல்

வழக்கொழிந்து கிடந்த காரநூல் முறையை, 1960-களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பி. எஸ். சங்கரன், பி. ஜே. தேஷ்பாண்டே ஆகியோர் மீட்டெடுத்து, அளவும் ஒழுங்கும் உடையதாக்கினர். அதற்கு வேண்டும் மூலப்பொருள்கள் அரியவை அல்ல. மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையோரமாயினும் திருமங்கலத்துக் கரிசல் வரப்பாயினும், மழைக்குப் பின் நாயுருவி முளைக்காத இடம் அருமை; அதன் கதிரில் கீழ்நோக்கி மடிந்திருக்கும் முட்காய்கள் நடப்போரின் வேட்டிக் கரையில் ஒட்டிக்கொண்டு ஊர்விட்டு ஊர் செல்வதை அறியாதவர் இல்லை. அச்செடியை வேரோடு பிடுங்கி உலர்த்தி எரித்து, சாம்பலை ஆறு பங்கு நீரில் கரைத்து, துணியில் பலமுறை வடிகட்டி, தெளிந்த நீரை வற்றக் காய்ச்சினால் அடியில் தங்கும் தூளே காரமாகும். இலைக்கள்ளியின் பாலும் வீட்டு மஞ்சளும் ஏனைய இரு பொருள்கள்.

இருபதாம் எண் லினன் நூலைச் சட்டத்தில் விறைப்பாகக் கட்டி, கள்ளிப்பாலை மட்டும் பதினொரு முறை பூசி, ஒவ்வொரு முறையும் உலர்த்துவர். அதன்மேல் பாலில் நனைத்த நூலுக்குக் காரத்தூளை ஏழு முறையும், மஞ்சள் தூளை மூன்று முறையும் ஏற்றுவர். ஆக இருபத்தொரு பூச்சுகள். முடிவில் மஞ்சள் நிறம் ஏறி, கம்பிபோல் விறைத்து நிற்கும் அந்நூலைப் புற ஊதா ஒளியில் கிருமி நீக்கிக் கண்ணாடிக் குழாயில் அடைத்து வைப்பர். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு நேருமாதலால், பூசுவோர் மிக்க கவனத்தோடு இருத்தல் வேண்டும்.

உணர்விழக்கச் செய்து, மெல்லிய சலாகையால் உட்துளையைக் கண்டு, நூலைப் புரையினுள் செலுத்தி இரு முனைகளையும் புறத்தே முடிந்தபின், பெரும்பாலோர் தம் அன்றாட அலுவல்களை விரைவில் மேற்கொள்ள முடிகிறது. வாரம் ஒருமுறை, பழைய நூலின் முடிச்சுக்கு அருகே புதிய நூலைக் கட்டி, பழையதை வெட்டி இழுத்தால், புதியது அதன் தடத்திலேயே உள்ளே சென்றுவிடும். நூல் மெல்ல மெல்லத் தசையை அறுத்துக்கொண்டு வருகையிலேயே, அறுபட்ட இடத்துக்குப் பின்னால் புண் ஆறிக்கொண்டு வருகிறது. ஆதலின் தசை முனைகள் ஒன்றைவிட்டு ஒன்று அகன்று விலகுவதில்லை. காரம் அழுகிய திசுவைக் கரைக்கிறது, நூல் சீழை வடிக்கிறது, மஞ்சள் அழற்சியைத் தணிக்க உதவுகிறது. ஒவ்வொரு வாரமும் கழற்றிய நூலின் நீளத்தை அளந்து குறித்துவந்தால், புரை வாரத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வீதம் சுருங்கிவருவது கணக்கில் தெரியும். மருந்தாகவும் கத்தியாகவும் உள்ள அந்நூலே அளவுகோலாகவும் அமைவதால், ஆராய்ச்சிக்கு இம்முறை பெரிதும் இடங்கொடுத்தது.

ஒப்பீட்டு ஆராய்ச்சி

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், பல மருத்துவமனைகளில் நோயாளிகளைத் திருவுளச்சீட்டு முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் காரநூலும் மற்றொன்றுக்கு அறுவையும் அளித்து நடத்திய பரிசோதனையின் முடிவுகள் 1991-இல் வெளியாயின. அறுவையால் புண் ஆறுவதற்கு நான்கு வாரங்களும், காரநூலால் எட்டு வாரங்களும் ஆயின. ஆனால் நோய் திரும்பத் தோன்றியது அறுவைப் பிரிவில் நூற்றுக்குப் பதினொருவரிடத்திலும், காரநூல் பிரிவில் நூற்றுக்கு நால்வரிடத்திலுமே. பழமை என்பதற்காகப் போற்றாமலும் பழமை என்பதற்காகத் தள்ளாமலும், இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்த்த இந்த முயற்சி, இந்திய வைத்திய வரலாற்றில் மதிக்கத்தக்க ஒன்று. பரம்பரை வைத்தியத்துக்கு நாம் செய்யக்கூடிய உண்மையான மரியாதை இத்தகைய பரிசோதனையே. இன்று பல ஆயுர்வேத மருத்துவமனைகளிலும், பாளையங்கோட்டையில் 1964-இல் நிறுவப்பெற்ற அரசு சித்த மருத்துவக் கல்லூரி போன்ற சித்த நிலையங்களிலும் காரநூல் கையாளப்படுகிறது.

மதுரை வட்டாரத்தில்

வைகைக் கரையில், 1934 முதல் 1940 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த எர்ஸ்கின் பிரபுவின் பெயரால் முன்பு அழைக்கப்பட்டு, இன்று அரசு இராஜாஜி மருத்துவமனை என வழங்கும் பெரிய ஆஸ்பத்திரியே, மதுரைக்கும் சுற்றியுள்ள திண்டுக்கல், தேனி, சிவகங்கை, விருதுநகர், இராமநாதபுரம் பகுதிகளுக்கும் அறுவை வைத்தியத்தின் தலைமை நிலையமாகும். 1954-இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரி அதனோடு இணைந்து, தலைமுறை தலைமுறையாக அறுவை மருத்துவர்களைப் பயிற்றுவித்து வருகிறது. குடல் அறுவையைத் தனித் துறையாக்கும் முயற்சி தமிழகத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியில் வேரூன்றியது; அங்கு அறுவை மருத்துவர் என். ரங்கபாஷ்யம், குடல் அறுவைக்கும் ஆசனவாய் மருத்துவத்துக்கும் உரிய உயர்பட்டப் படிப்பை நாட்டிலேயே முதன்முதலாகத் தொடங்கினார். அவருக்கு 2002-இல் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது.

காசநோய் மிகுந்த நம் பிரதேசத்தில், ஆறாத பவுத்திரத்தைக் கண்டால் அதன் திசுவை நுண்ணோக்கியில் பரிசோதிப்பது இன்றியமையாதது. 1956-இல் சென்னையில் தோன்றி, மதுரையிலும் கிளையுடைய காசநோய் ஆராய்ச்சி நிலையம், வயிற்றுக் காசநோய்க்கு ஆறு மாத மருந்துச் சிகிச்சையே போதுமானது என்பதை ஐந்தாண்டுக் கண்காணிப்பின் மூலம் நிறுவி, 1997-இல் வெளியிட்டது. கத்தி தேவைப்படாத இடத்தை வரையறுப்பதும் அறுவை ஆராய்ச்சிக்குப் பெருந்துணையே ஆகும்.

ஆயினும் இவ்வட்டாரத்தில் இந்நோய் தீர்வதற்கு முதற் பகை நாணமே. ஆசனவாயைப் பற்றிப் பேசக் கூசும் மனிதர், வெந்நீரில் அமர்ந்தும் களிம்பு தடவியும் ஆண்டுகளைக் கடத்தி, மனைவியிடத்திலும் சொல்லாது மறைத்து, இறுதியில் பேருந்து நிலையச் சுவர்களில் மூலம், பவுத்திரம் என்று பெரிய எழுத்தில் காணும் விளம்பரங்களை நாடுகின்றனர். பயிற்சியற்றோர் இடும் காரமும் ஊசியும் நல்ல தசையைச் சுட்டு, ஆசனவாயைச் சுருங்கச் செய்து, எளிதில் தீரக்கூடிய நோயைச் சிக்கலாக்கிவிடுகின்றன. நாயுருவியும் கள்ளியும் எவர் கைக்கும் எட்டுபவை. ஆனால் உட்துளையைக் கண்டறியும் விரலும் தசையின் அளவை அறிந்த மனமும் பயிற்சியாலன்றி வாய்ப்பதில்லை.

சீழ்க்கட்டி தோன்றிய நாளிலேயே மருத்துவமனையில் கீறி வடித்துக்கொள்ளுதல், ஆறியபின்னும் சில மாதங்கள் காட்டி வருதல், நீரிழிவைக் கட்டுப்படுத்துதல், மீண்டும் கசிவு கண்டால் மறைக்காது உரைத்தல் ஆகியவை நோயாளியின் கடமைகள். அவ்வாறு தொடக்கத்திலேயே வருவோரில் பெரும்பாலோர்க்குப் புரை தாழ்ந்ததாகவும் நேரானதாகவும் இருப்பதால், கத்தியாலோ நூலாலோ முற்றும் குணமடைந்து, கூச்சமின்றி அமரவும் நடக்கவும் உழைக்கவும் அவர்களால் இயலும்.